தலைமடை வயலில் ஒரு கரடு

என் தம்பி சமுத்திரத்துக்கு ஊரில் ஆடி மாப்பிள்ளை என்று பட்டப்பெயர். பட்டாளத்தில் சேர்ந்ததிலிருந்து அவனுக்கு லீவு வாய்ப்பது ஆடியில்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் தேருக்கு வந்து இறங்குவான், வடம் பிடிப்பான், கறிச்சோறு சாப்பிடுவான், ஆவணி பிறக்கும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறிவிடுவான். நாங்கள் நாற்றுப் பாவுவது புரட்டாசியில். மழை இறங்கி, கண்மாய் பெருகி, மடை திறக்கும்போது அவன் எங்கேயோ பனிமலையில் துப்பாக்கியோடு நிற்பான். விவசாயி வீட்டு ஆம்பளைப் பிள்ளை, சொந்த வயலில் ஒரு கைப்பிடி விதை போட்டதில்லை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். நானே சிரித்திருக்கிறேன்.

நான் கருத்தம்மாள், அவனுக்கு மூத்தவள். அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எனக்கு வாய் நீளம் என்று மம்சாபுரம் வரைக்கும் பேச்சு உண்டு. அத்தனை பிள்ளைகளை மேய்த்த வாய், குட்டையாக இருந்தால் பிழைக்க முடியுமா? எங்கள் அய்யா மொக்கைச்சாமி எங்கள் இருவருக்கும் சேர்த்து விட்டுப்போனது ஒரே ஒரு வயல். கண்மாய் மடைக்கு நேர் கீழே, தலைமடை வயல். தண்ணீர் முதலில் எங்கள் வரப்பைத் தொட்டுவிட்டுத்தான் மற்றவர் வயலுக்குப் போகும். அய்யாவுக்கு அதில் தாங்க முடியாத பெருமை. அவருக்குப் பிறகு பயிர் பார்த்தது நான்தான். என் வீட்டுக்காரர் தவறிய பிறகு என் கஞ்சியும் அந்த வயல்தான்.

மடை திறக்கிற அன்றைக்கு எங்கிருந்தாலும் தம்பியிடமிருந்து போன் வந்துவிடும்.

"அக்கா, தண்ணி வந்துருச்சா?"

"வருதுலே. முழங்கால் மட்டுக்கு வருது."

"போனைச் செத்த நேரம் மடைப்பக்கம் வையேன்."

நான் குனிந்து, போன் தண்ணீரில் விழாமல் பிடித்துக்கொண்டு நிற்பேன். மடைவாயில் தண்ணீர் விழுகிற சத்தத்தை அவன் கேட்டுக்கொண்டிருப்பான். சுற்றி நிற்கிறவர்கள் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

அவன் ஓய்வுபெற்று வருகிற வருஷம் வந்தது. ஆவணியில் வீட்டுக்கு வருகிறான். ஆனால் தையில் வடக்கே ஒரு பேங்கில் காவல் வேலைக்குச் சேர்ந்தாக வேண்டும். மகள் நர்சிங் படிக்கிறாள், வேலையை வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆக அவன் கையில் இருந்தது ஒரே ஒரு புரட்டாசி. "அந்தப் புரட்டாசியை எனக்குக் குடுத்துரு, அக்கா. அந்த வெள்ளாமை என் கையால நடக்கட்டும்" என்று அவன் போனில் கேட்டான். என்னிடம் கேட்க வேண்டிய சாமானா அது?

அதே வருஷம் மாசியில் கண்மாய் வறண்டு கிடந்தது. தூர்வார உத்தரவு வந்துவிட்டதாக ஊரே சந்தோஷப்பட்டது. காண்ட்ராக்டரின் மேஸ்திரி பால்பாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் வாசலுக்கு வந்தான்.

"அக்கா, வாருற மண்ணை உடனே அம்புட்டையும் வெளிய கொண்டுபோக முடியாது. கொஞ்ச நாளைக்குக் கொட்டி வைக்க பக்கத்துல ஒரு இடம் வேணும். உங்க வயலுதான் மடைக்குக் கிட்ட இருக்கு. வெவசாய நெலங்கிறதால ஆபீஸ்ல அனுமதி வாங்கணும், அதை நாங்க பாத்துக்கிடுதோம். நீங்களும் தம்பியும் சம்மதம் சொன்னாப் போதும். வாடகை என்னன்னு நீங்களே சொல்லுங்க."

தம்பிக்குப் போன் போட்டேன். அவன் யோசிக்கவே இல்லை.

"கண்மாய்க்கு இடம் குடுக்க வாடகையாக்கா? அய்யா இருந்தா செருப்பைக் கழட்டுவாரு. வண்டல் மண்ணுதான, நம்ம வயல்ல கெடந்தா நம்ம வயலுக்குத்தான் நல்லது. ஆடிக்குள்ள எடுத்துரச் சொல்லு."

அவன் சொன்னது எங்கள் ஊர் வழக்கம்தான். கண்மாய்த் தண்ணீர் குடித்துப் பயிர் செய்கிறவர்கள் கண்மாய் வேலைக்கு இடம் கொடுத்தாலும் ஆள் கொடுத்தாலும் கை நீட்டிக் காசு வாங்குவதில்லை. அதிலும் தலைமடைக்காரர்கள் வாங்கவே கூடாது. நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாடகை வேண்டாம் என்றேன். பால்பாண்டி கையெடுத்துக் கும்பிட்டான். எத்தனை பெரிய முட்டாள்தனம் என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. வாடகை ஓடிக்கொண்டிருந்தால் மண்ணை எடுக்கிற அவசரம் அவர்களுக்கே வந்திருக்கும். எங்கள் பெருமைக்கு வாடகை இல்லை, அதனால் அவர்களுக்கு அவசரமும் இல்லை.

அனுமதி வந்தது. ஆடி முடிய மண் குவித்து வைக்கலாம் என்று எழுதியிருந்தது. டிப்பர்கள் வந்தன. முதல் வாரம் வரப்பு மறைந்தது. பிறகு அடுத்த வயலில் நிற்கிற ஆள் தெரியவில்லை. அதற்கும் பிறகு, எங்கள் வயலில் நின்று பார்த்தால் தெரிகிற மேற்கு மலையே பாதி மறைந்துவிட்டது. ஊர்ப் பிள்ளைகள் அந்த மண்குன்றுக்குக் கருத்தம்மா கரடு என்று பெயர் வைத்து, மேலே ஏறிச் சறுக்கி விளையாடினார்கள். நான் கம்பை எடுத்துக்கொண்டு விரட்டினேன்.

மிச்ச மண்ணை ஒரு ரோட்டு வேலைக்குக் கொண்டுபோவதாகப் பேச்சு. அந்த ரோட்டு வேலை பாதியில் நின்றது. ஆடி போனது, தேரும் போனது. பால்பாண்டி போனை எடுப்பதை நிறுத்தினான்.

ஆவணியில் தம்பி வந்தான். வீட்டுக்குக்கூடப் போகாமல், பெட்டியும் கையுமாக நேரே வயலுக்கு வந்து நின்றான். நான் போனில் எல்லாம் சொல்லித்தான் வைத்திருந்தேன். ஆனாலும் கேட்பது வேறு, பார்ப்பது வேறு அல்லவா? அவன் பெண்டாட்டி யோகேஸ்வரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மதினி, இவுக வீட்டுக்கே வரமாட்டேங்காக" என்றாள். அவன் கரட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்து, "கீழ வரப்பு எங்கன இருந்துச்சுக்கா?" என்று கேட்டான். நான் காலால் கோடு கிழித்துக் காட்டினேன்.

மறுநாளிலிருந்து ஆபீஸ் ஆபீஸாக அலைந்தோம். இங்கே போனால் அங்கே என்றார்கள், அங்கே போனால் விருதுநகர் என்றார்கள். கடைசியில் ஒரு நல்ல மனுஷன் உட்காரவைத்து விளக்கினார்.

"சார், நீங்க வாங்குனது மண்ணை வைக்கிறதுக்கு அனுமதி. எடுக்கிறதுக்கு வாங்கலையே?"

"போட்டவன் எடுக்கப்போறான். இதுக்கு எதுக்கு சார் தனியா?" என்றான் தம்பி.

"வண்டியில ஏத்தி ரோட்டுக்குக் கொண்டுவந்துட்டா அது கனிமம் சார். அதுக்கு வேற ஆபீஸ்."

எனக்கு வந்ததே கோபம். கண்மாயில் கிடந்தால் சகதி, என் வயலில் கிடந்தால் குவியல், லாரியில் ஏறினால் கனிமமா? "அப்ப நாங்க வாயில அள்ளிப் போட்டுக்கிட்டா அது என்ன சார்?" என்று கேட்டே விட்டேன். தம்பி என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தான். பட்டாளத்துப் பழக்கம். மேலே இருக்கிறவர்களை எதிர்த்துப் பேச அவனுக்கு வராது. சொன்ன ஆபீஸுக்குப் போய் மனு கொடுத்துவிட்டு, வருகிறபோது வரட்டும் என்று காத்திருந்தான்.

புரட்டாசியும் வந்தது. மலையில் மேகம் கருத்து, பிளவக்கல் அணைப் பக்கம் மழை இறங்கிவிட்டது. சுற்றிலும் எல்லா வயலிலும் டிராக்டர் ஓடியது. எங்கள் வயலில் கரடு. தம்பி தினமும் காலையில் குளித்து, நெற்றியில் நீறு பூசி, வேலைக்குப் போகிறவன் போலக் கிளம்பி வயலுக்குப் போவான். செய்வதற்கு ஒன்றும் இருக்காது. பக்கத்து வயலில் நாற்றுப் பாவுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

ஒரு நாள் ராஜபாளையம் போய்விட்டு பஸ்ஸில் திரும்பி வந்தவன் தோளில் ஒரு சாக்குப்பை. அவிழ்த்துக் காட்டினான். குதிரைவாலி விதை.

"நெல்லுக்குத்தானக்கா தண்ணி நிக்கணும்? இது மானாவாரி. மழை பேஞ்சாப் போதும். கரட்டு மேல வெதைச்சா என்ன?"

"ஏலே, உனக்குக் கோட்டி கீட்டி பிடிச்சிருச்சா? அடுத்தவன் மண்ணுலே அது!"

"மண்ணு அவியளோடதா இருக்கட்டும். அடியில கெடக்கது அய்யா வயலுதான?"

நானும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கூடப் போனேன். மேலே கொத்தி நிரவினோம். விதையை எப்படி வீச வேண்டும் என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. பொத்தென்று ஒரே இடத்தில் கொட்டினான். "கையை விரிச்சு வீசுலே, சுண்டலா குடுக்கே?" என்று நான் கத்த, கீழே நின்ற யோகேஸ்வரி சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். பிறகு அவனுக்குக் கை பழகிவிட்டது. கரட்டு உச்சியிலிருந்து நாலு பக்கமும் வீசினான். சரிவில் உருண்டது, இடுக்கில் விழுந்தது, எதையும் கணக்குப் பார்க்கவில்லை. தலைமுடியெல்லாம் புழுதி. அந்த வயசில் அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. பாவிப்பயல், இதற்காகவா இத்தனை வருஷம் ஏங்கிக் கிடந்தான் என்று எனக்கு அழுகை வந்தது.

சும்மா சொல்லக்கூடாது, வண்டல் மண் வண்டல் மண்தான். பயிர் குபுகுபுவென்று வந்தது. கார்த்திகையில் கரடு முழுக்கப் பச்சை. தம்பி அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவே மாட்டான். சாப்பாட்டைத் தூக்குவாளியில் அங்கேயே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ரோட்டில் போகிறவர்களிடம் என் வெள்ளாமை, என் வெள்ளாமை என்று காட்டுவான். கதிர் தலை நீட்டியது. தைக்குள் அறுத்துவிட்டு வண்டி ஏறலாம் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தான்.

மார்கழி பிறந்த வாரத்தில் பால்பாண்டி ஜேசிபியோடு வந்து நின்றான்.

"நீங்க குடுத்த மனுவுக்கு எடுக்கிற அனுமதி வந்துருச்சு அண்ணாச்சி. மார்கழி முடியுறதுக்குள்ள அள்ளி முடிக்கணும்னு போட்டிருக்காக. ஒரு பொட்டல் நிலத்துல மேடு போடக் கேட்டிருக்காக. லாரி பின்னால வருது."

கதிர் அப்போதுதான் பால் பிடித்திருந்தது. தம்பி ஒரு கதிரைக் கிள்ளி, நகத்தால் நசுக்கிப் பார்த்தான். வெள்ளையாகப் பிதுங்கியது. அறுத்தாலும் மாட்டுக்குத்தான் ஆகும்.

நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஜேசிபிக்கு முன்னால் போய் நின்றேன். "எம்மேல ஏத்திட்டு அள்ளு. எத்தன மாசமா போட்டு வச்சிருந்தீக? இன்னும் ஒரு மாசம் பொறுக்காதோ?" டிரைவர் வண்டியை அணைத்துவிட்டு பீடியைப் பற்ற வைத்தான். எனக்குப் பயம் இல்லை, அன்றைக்கு முழுக்க நிற்பதாகத்தான் இருந்தேன்.

தம்பி கரட்டிலிருந்து மெதுவாக இறங்கி வந்தான்.

"தள்ளி வாக்கா."

"வரமாட்டேன். ஒரு மாசந்தானலே. நீ அறுக்காம இந்த மண்ணு இங்கயிருந்து போகாது."

"இந்தக் கெடு போச்சுன்னா மறுபடியும் முதல்லயிருந்து மனு. அடுத்த புரட்டாசிக்கும் இது இங்கதான் கெடக்கும். நான் தையில போயிருவேன். நீ என்னத்தை வெச்சுக் கஞ்சி குடிப்பே?"

"என் கஞ்சியை நான் பாத்துக்கிடுதேன். நீ ஆசைப்பட்டதுலே..."

"வெதைக்கணும்னுதான் ஆசைப்பட்டேன். வெதைச்சாச்சுல்லா" என்றான். என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்து வரப்பில் உட்காரவைத்தான். சின்ன வயதில் அவனை இப்படித்தான் நான் இழுத்து வந்து உட்காரவைப்பேன்.

ஜேசிபி அள்ள ஆரம்பித்ததும் அவன் கண்மாய்க் கரைமேல் போய், வயலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். வாளி ஒவ்வொரு தடவை மேலே போகும்போதும் பச்சைக்கதிர் கொத்துக்கொத்தாகத் தொங்கியது. யோகேஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாலைந்து நாள் நடந்தது அந்த வேலை. கடைசி நாள் சாயங்காலம் வாளிக்கு அடியில் நெல் தாள் மக்கிக் கிடந்த பழைய மண் தெரிந்தது. "ஏலே சமுத்திரம், அய்யா மண்ணு தெரியுதுலே!" என்று கத்தினேன். இறங்கி ஓடி வந்தவன் உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தான். நெல்லுக்குப் பருவம் தாண்டிவிட்டது, அந்த வருஷம் அதில் ஒன்றும் செய்ய முடியாது. தை பிறந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினான்.

இந்தப் புரட்டாசியில் நாற்றுப் பாவி, ஐப்பசியில் வயலை நான்தான் நட்டேன். கார்த்திகையில் களையெடுக்க முனீஸ்வரி வந்தாள், எங்கள் தெருப் பெண். கீழ வரப்பு ஓரமாகக் குனிந்தவள், "மதினி, நெல்லுக்குள்ள இது என்ன, குதிரைவாலியால்ல மொளைச்சிருக்கு" என்று தூரோடு பிடித்துவிட்டாள்.

"ஏட்டி, கையை எடு!" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் பதறிப் பின்வாங்கினாள். கரட்டுச் சரிவில் உருண்டு, முளைக்காமல் மண்ணுக்குள் கிடந்த விதை. இந்த வருஷ மழைக்குத் தலை தூக்கியிருக்கிறது. ஒரு கைப்பிடி தேறும், அவ்வளவுதான். அதைச் சுற்றி நாலு குச்சி ஊன்றினேன்.

தம்பிக்குப் போன் போட்டேன். பேங்க் வாசலில் நின்றுகொண்டிருந்தானாம்.

"உன் வெள்ளாமை நிக்குதுலே. நெல்லுக்கு நடுவுல."

ரோட்டு வண்டிச் சத்தத்தை விட்டு அவன் ஓரமாகத் தள்ளிப் போவது கேட்டது.

"அக்கா, போனைச் செத்த நேரம் அது பக்கம் வையேன்."

தண்ணீருக்குச் சத்தம் உண்டு. பயிருக்கு என்ன சத்தம் இருக்கிறது? ஆனாலும் குனிந்து வைத்தேன். முனீஸ்வரி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் போனைக் கட் பண்ணவில்லை, நானும் எடுக்கவில்லை.