அடியைத் திருப்பிப் பார்க்கிற கை

பழைய பீங்கானுக்கும் கண்ணாடிச் சாமானுக்கும் விலை மதிப்பதுதான் அவர் தொழில். எல்லோரும் அவரைப் பீங்கான்காரர் என்றே கூப்பிடுவார்கள். யார் வீட்டுக்குப் போனாலும் அவர் கை சும்மா இருக்காது. கோப்பையை நகத்தால் சுண்டிப் பார்ப்பார், தட்டைத் திருப்பி அடியில் முத்திரையைத் தேடுவார். விருந்துக்குக் கிளம்பும்போதே மனைவி, "அங்க வந்து என் மானத்தை வாங்காதீங்க" என்று எச்சரித்துத்தான் கூட்டிப்போவாள்.

பால்ய சிநேகிதன் இறந்த செய்தி கேட்டு, துக்கம் விசாரிக்கத் தனியாகப் போனார். சிநேகிதனின் மனைவி அலமாரியைத் திறந்து, கைக்கு வந்த நீலப்பூக் கோப்பையைக் கழுவி, அதில் டீ கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடித்ததும் அந்தப் பாழாய்ப்போன கை கோப்பையைக் கவிழ்த்தது. வாயாவது சும்மா இருந்திருக்கலாம்.

"இது போலிம்மா. அடி விளிம்புல சாயம் பூசிப் பழசாக்கியிருக்கான். உங்களை யாரோ நல்லா ஏமாத்திட்டாங்க."

அவள் கோப்பையை வாங்கி நிமிர்த்தி வைத்தாள்.

"எங்க கல்யாணத்துக்கு நீங்க குடுத்ததுண்ணே."

சந்தையில் மலிவாகக் கிடைத்ததை, நூறு வருஷத்துப் பொருள் என்று எல்லோர் எதிரிலும் பீற்றிக்கொண்டது இப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது.

"அவனுக்கு..." என்று இழுத்தார்.

"அவருக்கு அப்பவே தெரியும்ணே. நீங்க வந்தா மட்டும் இதை வெளிய எடுக்காதே, திருப்பிப் பாத்துட்டு சங்கடப்படுவான்னு சொல்லுவாரு. இன்னிக்கு எனக்குத்தான் மறந்துபோச்சு."