திருத்தம் அண்ணனின் பேசாத கம்ப்யூட்டர்

என் சாவிக் கடைக்கும் அவருடைய ரிப்பேர் கடைக்கும் நடுவில் ஒற்றைப் பலகைச் சுவர்தான். அவர் தும்மினால் என் கடையில் தொங்குகிற ஆயிரம் சாவியும் ஆடும். இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தும்மலைக் கேட்டு வருகிறேன்.

தெருவில் அவருக்குத் திருத்தம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். யார் எதைச் செய்தாலும் அதில் ஒரு தப்பு கண்டுபிடிப்பார். என் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தேன், நாலு எழுத்தைச் சிவப்பு பேனாவில் சுழித்துத் திருப்பிக் கொடுத்தார். மூணாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட எனக்கு, அந்த நாலு எழுத்து எது என்று இன்றுவரை தெரியாது. மழை பெய்தால்கூட, இந்தப் பக்கம் சாய்ந்து பெய்யக் கூடாதே என்று வானத்துக்குப் புத்தி சொல்கிற ஆள்.

அவரைத் திருத்தக்கூடிய ஒரே ஜீவன் அண்ணி, அவருடைய மனைவி. குழந்தைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கிற ஒரு நிலையத்தில் டீச்சராக இருந்தார். அண்ணன் ஒரு மணி நேரம் பேசியதை, "முடிஞ்சுதா?" என்ற ஒரே வார்த்தையில் மடித்துப் பையில் போட்டுவிடுவார்.

அந்தக் குரல்தான் முதலில் போனது. தொண்டையில் கட்டி. ஆபரேஷனில் உயிரை விட்டுவைத்துக் குரலை எடுத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் பதினாறு வருஷம் அண்ணி சிலேட்டில் எழுதித்தான் பேசினார். நம்ம ஆள் அந்தச் சிலேட்டிலும் எழுத்துப் பிழை திருத்தினார். என் கண்ணால் பார்த்தேன். "மாத்திரை எங்க" என்று அண்ணி எழுத, இவர் "எங்கே" என்று இரட்டைக் கொம்பு போட்டுவிட்டுத்தான் மாத்திரையைத் தேடினார். அண்ணி சிரிப்பார். சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணியும் போய்ச் சேர்ந்தார்.

பரணில் ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடந்தது. நிலையத்தை மூடியபோது அண்ணி ஆசையாகக் கேட்டு வாங்கி வந்தது. அதைத் தூக்கினால் ஒரு யானைக்கு இடுப்பு பிடிக்கும். அதில், குழந்தைகளுக்குக் கணக்கு சொல்லித்தர அண்ணியே எழுதிய ஒரு புரோகிராம் இருக்கிறது. திரையில் பந்துகள் வரும், "எத்தனை?" என்று கேட்கும். கேட்பது அண்ணியின் குரல். நிலையத்து ஸ்டோர் ரூமில், கதவைச் சாத்திக்கொண்டு, மைக் முன்னால் பேசிப் பதிந்தது. அண்ணி பேசிய வேறு ஒரு சொட்டுச் சத்தம் இந்த உலகத்தில் இல்லை. எல்லார் கையிலும் பதிவு செய்கிற போன் வருவதற்குள் அவர் குரல் போய்விட்டதே.

அண்ணன் அதைக் கடைக்கு இறக்கினார். நாலு மாசம் வேறு வேலை தொடவில்லை. கசிந்து போயிருந்த பேட்டரியைச் சுரண்டி எடுத்தார். விசைப்பலகையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தார். உள்ளே இருந்த பலகைகளில் சின்னச் சின்ன ஊசிகளும், அதன்மேல் கடுகு சைஸில் தொப்பிகளும் இருக்கும். எல்லாத் தொப்பியையும் கழற்றி ஊசியைத் துலக்கிவிட்டு, தன் ரிப்பேர் புத்தகத்தைப் பார்த்து, அதில் சொன்ன இடத்தில் மறுபடி மாட்டினார். கூடவே இருந்த பழைய பிரிண்டரையும் துடைத்துப் பழுது பார்த்து இணைத்துவிட்டார். அரைகுறையாக விட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

எனக்கும் ஒரு வேலை கொடுத்தார், மேல் மூடியைத் தேய்க்க. நானும் ஸ்பிரிட் போட்டு உள்ளும் புறமும் தேய்த்தேன். அதில் முகம் பார்த்து ஒரு பட்டாளமே சவரம் செய்துகொள்ளலாம்.

மிஷின் உயிர் பெற்றது. சவுண்ட் கார்டோடு வந்த சோதனைப் பாட்டைப் போட்டார், அழகாகப் பாடியது. அப்புறம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அண்ணியின் புரோகிராமைப் போட்டார். திரையில் ஒரு பக்கம் அஞ்சு பந்து, இன்னொரு பக்கம் நாலு பந்து. ஸ்பீக்கரில் "அ" என்று ஒரு எள்ளளவு சத்தம் வந்தது. அவ்வளவுதான். எல்லாம் உறைந்து நின்றது. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் அசையவில்லை. அணைத்துத்தான் மறுபடி போட வேண்டும்.

அன்றிலிருந்து ஒரு மாசம் இதே கதை. கார்டில் இருந்த பழைய கெப்பாசிட்டர்களை மாற்றினார். "அ". வேறொரு கார்டு தேடி வாங்கிப் போட்டார். "அ". அவருடைய மகள் ஊரிலிருந்து வந்து, அந்தப் புரோகிராமைத் தன் புது லேப்டாப்பில் ஏற்றிப் பார்த்தாள். அதில் தகரக் கூரையில் மழை பெய்கிற இரைச்சல் மட்டும் வந்தது. பழைய மிஷினின் டிஸ்க்கோ, ஒவ்வொரு தடவை அணைத்துப் போடும்போதும் கல்லை மெல்லுகிற மாதிரி நறநறத்தது. "விட்டுடுங்கப்பா" என்று சொல்லிவிட்டு மகள் ஊருக்குப் போய்விட்டாள்.

எனக்கும் புரியட்டும் என்று ஒருநாள் விளக்கினார். மிஷினுக்குள் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு மணி உண்டாம். தன் வேலை முடிந்ததும் அந்த மணியை அடித்து மிஷினைக் கூப்பிட வேண்டும். சவுண்டுக்கு அஞ்சாம் நம்பர் மணி, பிரிண்டருக்கு ஏழாம் நம்பர். எந்த மணி என்பதை அந்தக் கடுகுத் தொப்பிதான் முடிவு பண்ணும். இரண்டாம் நம்பரில் வைத்துப் பார்த்தாராம், பத்தில் வைத்துப் பார்த்தாராம். ஏழில் வைத்தீர்களா என்று கேட்டேன். கொலை செய்யச் சொன்ன மாதிரிப் பார்த்தார். ஏழு பிரிண்டருடையது, அதில் சவுண்டை வைக்கக் கூடாது என்று புத்தகத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறதாம்.

ஒரு மத்தியானம் அவர் கடையில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். திரையில் அஞ்சு பந்தும் நாலு பந்தும் உறைந்து நிற்க, ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வழக்கம்போல, ஸ்பீக்கர் ரகசியம் சொல்கிறதா என்று கேட்டேன். அவர் திரும்பவில்லை.

"சாவி, எனக்கு அவ குரல் மறந்துபோச்சுடா. இந்த 'அ' அவளா இல்லையான்னுகூடத் தெரியலை."

உலகத்துக் கேலி மூட்டை முழுக்க என் தலையில்தான் இருக்கிறது என்பார்கள். அன்றைக்கு ஒன்றும் அகப்படவில்லை. என் கடைக்குத் திரும்பி வந்தேன்.

அங்கே ஒரு அம்மா பழைய அலமாரிச் சாவியோடு நின்றார். நேராக ஒரு கம்பி, அடியில் பக்கவாட்டில் ஒரு பாதம். அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். எழுத்து எனக்கு நிற்காது. ஆனால் ஒரு சாவியின் வடிவத்தை ஒருமுறை பார்த்தால் செத்தாலும் மறக்காது. இந்த வடிவத்தை நான் சமீபத்தில் எங்கோ பார்த்திருக்கிறேன். எங்கே என்பதும் ஞாபகம் வந்தது. அந்த அம்மாவை அப்படியே நிற்கவைத்துவிட்டு ஓடினேன்.

"அண்ணே, அன்னைக்கு மூடியைத் தேய்ச்சேன்ல. உள்பக்கம் பென்சில்ல ஏதோ இருந்துச்சு."

"என்ன இருந்துச்சு?"

"ஏதோ பிள்ளைங்க கிறுக்கல்னு நெனச்சேன். ஸ்பிரிட் போட்டு அழிச்சிட்டேன்ணே."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு துண்டுச் சீட்டையும் பென்சிலையும் என் பக்கம் தள்ளினார். வரைந்தேன். நேர்க்கோடு, அடியில் பாதம். பக்கத்தில் ஒரு பெட்டி, அதன்மேல் பெருக்கல் குறி.

சீட்டை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் மெதுவாக அதைத் தலைகீழாகத் திருப்பினார். மூடியை நான் மடியில் தலைகீழாகப் போட்டல்லவா தேய்த்தேன்.

"ஏழு," என்றார். "இந்தப் பெட்டி பிரிண்டர். பிரிண்டர் வேண்டாம்னு அடிச்சிருக்கா."

பிரிண்டரின் வயரைப் பிடுங்கினார். கார்டை உருவி வெளியே எடுத்தார். இடுக்கியால் அந்தத் தொப்பியைக் கழற்றி ஏழில் மாட்டப் போய், மூன்று தடவை கீழே போட்டார். நாலாவது தடவை உட்கார்ந்தது. அதற்குள் பேசவும் ஆரம்பித்திருந்தார். நிலையத்து மிஷினில் அஞ்சாம் நம்பரை வேறு ஏதோ கார்டு பிடித்துக்கொண்டிருந்ததாம். அதனால் சவுண்டை ஏழில் வைத்து, ஏழாம் மணிக்கு மட்டுமே காத்திருக்கும்படி புரோகிராமை எழுதியிருப்பதாக அண்ணி ஒருநாள் வீட்டில் சொன்னாராம். அது தப்பு, புத்தகத்தில் அப்படி இல்லை என்று இவர் ஒரு மணி நேரம் பாடம் நடத்தினாராம். அதில் அண்ணி சொன்னது இவர் மண்டையில் ஏறவே இல்லை.

"அன்னைக்கே சொன்னாடா. நான்தான் பேசிக்கிட்டே இருந்தேன்."

மிஷினைப் போட்டார். டிஸ்க் நறநறத்து நின்றது. மறுபடி நறநறத்து எழுந்தது. அஞ்சு பந்து, நாலு பந்து.

"அஞ்சும் நாலும் எத்தனை கண்ணு?"

கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் அவசரம், ஓரத்தில் ஒரு சிரிப்பு. அண்ணியேதான். அண்ணனின் விரல் ஒன்பதின் மேல் போய் நின்றது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. அப்புறம் நகர்ந்து, ஒன்றையும் சுழியத்தையும் அமுக்கிப் பத்து என்று போட்டது.

"இல்லையே. பரவால்ல, இன்னொரு வாட்டி மெதுவா எண்ணிப் பாக்கலாமா?"

சரியான விடை போட்டால் அந்தப் புரோகிராம் "சரி" என்று மட்டும்தான் சொல்லும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. தப்புக்குத்தான் அவ்வளவு நீளமாகப் பேசும். அன்று மத்தியானம் முழுக்க அவர் பதினொன்று போட்டார், மூன்று போட்டார், நாற்பது போட்டார். கண்ணீர் மேசையில் சொட்டிக்கொண்டே இருந்தது, துடைக்கவில்லை. அலமாரிச் சாவி அம்மா வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

கடைசியில் மூடியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"அழிச்சதைத் திரும்பப் போடு."

போட்டேன். என் கைக்குச் சாவி வெட்டத்தான் வரும், கோடு வராது. ஏழு கோணிக்கொண்டது, பெட்டிக்கு ஒரு பக்கம் மூடவே இல்லை. அவர் அதை வாங்கிப் பார்த்தார். நான் அவர் சட்டைப் பையில் இருந்த சிவப்பு பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைத் தொடவில்லை. மூடியைப் பத்திரமாகச் சுவரோரம் சாத்திவிட்டு, விசைப்பலகைப் பக்கம் திரும்பி, இன்னொரு தப்பு விடையைப் போட்டார்.