அத்தை கழுவிய பாட்டில்

அன்றைக்குக் குழாயடியில் இருந்தவர்கள்: அரியலூர் ஆய்வுக்கூடத்திலிருந்து தண்ணீர் எடுக்க வந்த தம்பி. எங்கள் ஊராட்சி செயலர். எதிர்வீட்டு அத்தை. தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டரான நான்.

என் மகள் அங்கே இல்லை. அவள் அரியலூர் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறக் கிடந்தாள். ஆறு வயசு. நிற்காமல் வயிற்றாலே போனது. தெருக்குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலக்கிறது என்று எனக்குச் சந்தேகம். வால்வைத் திறப்பவன் நான்தான். மூட வேண்டுமானால் மேலே இருந்து உத்தரவு வர வேண்டும். உத்தரவுக்கு ஆய்வுக்கூடத்து முடிவு வேண்டும்.

தம்பி விக்கிரமங்கலத்தில் எடுத்த பாட்டில்களை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார். எங்கள் தெருவுக்கு மிச்சம் ஒரே பாட்டில். ஆவியில் வேகவைத்து, வாயைக் காகிதத்தால் கட்டியது. அதை அத்தை வீட்டுப் படியில் வைத்தார். குழாயின் வாயைச் சுட வேண்டும் என்று பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துக் கொளுத்தினார். காற்றில் அணைந்தது. நான் துண்டை விரித்து மறைத்தேன்.

திரும்பிப் பார்த்தால் அத்தை பாட்டிலோடு நிற்கிறார். காகிதத்தைப் பிரித்து, குடத்துத் தண்ணீரில் அலசி, வாயை முந்தானையால் துடைத்துவிட்டார்.

“இந்தாங்க தம்பி. அடியில என்னமோ வெள்ளையா ஒட்டியிருந்துச்சு. சுத்தமாக் கழுவிட்டேன்.”

தம்பி தலையில் கை வைத்தார். “ஐயோ, அது மருந்தும்மா. தண்ணில இருக்கற பிளீச்சிங் பவுடர முறிக்கப் போடுறது. இனிமே இது ஆவாது.”

“கழுவாத ஏனத்துல நான் யாருக்கும் ஒரு வாய்த் தண்ணி குடுத்ததில்ல. ஆபீஸ்லேர்ந்து வந்தவங்களுக்குக் குடுப்பனா?”

“புளி போட்டு வெளக்காம வுட்டீங்களே” என்று செயலர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“வூட்டு பாட்டில்ல புடிச்சுத் தரேன் தம்பி” என்றேன்.

“கிருமி பாட்டில்ல இருந்துச்சா தண்ணில இருந்துச்சான்னு எப்படிண்ணே சொல்றது? இன்னைக்கு வெள்ளிக்கிழமை. ரெண்டு நாள் லேப்பு லீவு. திங்கக்கிழமை வேற பாட்டிலோட வரேன்.”

போய்விட்டார். அத்தை முகம் சுருங்கிப்போனது. என் மகளுக்குத் தினமும் தலை பின்னி விடுகிறவர் அவர்.

சனிக்கிழமை காலை நான் வால்வைத் திறக்கவில்லை. பெண்கள் காலிக் குடங்களோடு என் வாசலுக்கு வந்தார்கள். இருக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்றேன். “கேஸ் நீங்க வாங்கித் தரீங்களாண்ணே?” என்றாள் ஒருத்தி. செயலர் போன் செய்தார்.

“யாரக் கேட்டு மூடுன? உம்புள்ள கண்டதத் தின்னுருக்கும். அதுக்கு ஊருத் தண்ணிய நிறுத்துவியா?”

“லேப்புல பாக்கட்டுங்க சார்.”

“பாக்கட்டும். அதுவரைக்கும் தொற.”

திறந்தேன். ஞாயிற்றுக்கிழமையும் திறந்தேன்.

திங்கட்கிழமை தம்பி வந்தார். அத்தை வீடு பூட்டிக் கிடந்தது. குழாயைச் சுட்டார், தண்ணீர் பிடித்தார், பெட்டியில் வைத்தார். கிருமி வளர்த்துப் பார்க்க இரண்டு மூன்று நாள் ஆகும் என்றார். அதுவரை திறக்க வேண்டியதுதான்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மகள் கட்டிலுக்கு அடுத்த கட்டிலில் அத்தையின் பேரன். அத்தை கீழே தரையில் உட்கார்ந்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

நர்ஸ் கேட்டார். “உங்க தெருப் புள்ளைங்க இங்க எத்தன பேருங்க?”

கட்டில் கட்டிலாகப் பார்த்து எண்ணினேன்.

நாலு.