கிணற்றின் அடியில் ஒரு தட்டு

எங்கள் ஊர்க் கிணற்றில் அடியைத் தொட்டேன் என்று வாயால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். மண் வேண்டும். மூழ்கி, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி, தலை வெளியே வருவதற்கு முன்பே கையை நீட்டிக் காட்ட வேண்டும். கீழப்பழுவூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதுதான் பரீட்சை. மேட்டில் உட்கார்ந்து என் அண்ணன் கத்துவான்: "மண்ணு எங்கடி? பாதியில திரும்பி வந்துட்டு கத வுடாத!" ஒரு கோடை விடுமுறை முடிவதற்குள் நான் மண்ணோடு வந்துவிட்டேன்.

அந்தப் பிடி மண்தான் பல வருடங்கள் கழித்து என்னை ஒரு குகையிலிருந்து வெளியே அனுப்பியது.

நான் சுரங்க அளவையாளர். அரியலூரில் சுண்ணாம்புக்கல் குழிகளை அளந்து வரைபடம் போடுவது வேலை. இயந்திரம் வெட்டிய கல்லையே பார்த்துக்கொண்டிருந்ததில், அதே கல்லைத் தண்ணீர் குடைந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசை வந்தது. புதுச்சேரிக் கடலில் முக்குளிக்கக் கற்றுக்கொண்டேன். அதில் தேறிய பிறகு, நீர் நிறைந்த சுண்ணாம்புக் குகைகளில் பயிற்சி பெற மெக்சிகோவுக்குப் போனேன்.

குகை முக்குளிப்பின் விதிகள் கொஞ்சம்தான். வாசலிலிருந்து கட்டிக்கொண்டு போகும் வழிக்கயிற்றை விட்டு விலகக் கூடாது. சிலிண்டரில் உள்ள காற்றில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, ஒரு பங்கு ஆபத்துக்கு. விளக்குகள் மூன்று. தரையைத் தொடக் கூடாது. தலைக்கு மேல் பாறை இருப்பதால், ஏதாவது ஆனால் நேராக மேலே வர வழியில்லை. தரையில் மாவு போலப் படிந்திருக்கும் வண்டல் கிளம்பினால், கையில் பிடித்திருக்கும் விளக்குகூடத் தெரியாது.

கடைசித் தேர்வில் எல்லாம் சரியாகவே போனது. உள்ளே, திரும்ப வேண்டிய இடத்தில் பயிற்சியாளர் சைகை காட்டினார். என் வலது கை தானாகக் கீழே போய் ஒரு பிடி அள்ளியது. அள்ளிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. சுற்றிலும் பால் வெள்ளை. கயிற்றை விரல்களால் வளைத்துப் பிடித்து, ஒருவரை ஒருவர் தொட்டபடி, ஒன்றும் தெரியாமலே வாசலுக்கு வந்து சேர்ந்தோம்.

கரையில் பயிற்சியாளர் அம்மாள் நிதானமாகச் சொன்னார்: வெளிச்சம் விழும் வாசலைத் தாண்டி இனி உன்னை அழைத்துப் போகமாட்டேன். அந்தக் கை அடங்கியதும் வா.

அவர்மேல் கோபம் வரவில்லை. அடுத்த முறை கயிறு கைக்குச் சிக்காவிட்டால் நானும் வெளியே வரமாட்டேன், என்னோடு வருபவரும் வரமாட்டார். கை அடங்காவிட்டால் எனக்குக் குகை கிடையாது. அவ்வளவுதான்.

பழக்கம் கிணற்றில் வந்தது. அதைக் கிணற்றிலேயே விட்டுவிடத் தீர்மானித்து ஊர் திரும்பினேன்.

அண்ணன் பெரம்பலூரிலிருந்து புதுச்சேரிக்குச் சின்ன வெங்காயம் ஏற்றிப்போகும் லோடு வண்டி ஓட்டுகிறான். திரும்பும்போது சிலிண்டர்களை ஏற்றி வந்தான். தனியாக இறங்கக் கூடாது என்பதால் என் இடுப்புக் கயிற்றின் மறுமுனை அவன் கையில்.

"மோட்டார நிறுத்திட்டியா?"

"ஃபீஸ் கட்டையவே புடுங்கி சட்டப் பையில வச்சிருக்கேன். ஆமா, கீழ போயி என்ன பண்ணணும்?"

"அடியத் தொடாம வரணும்."

"அதுக்கா இம்புட்டு சாமான்? பக்கத்து வூட்டுக்காரன் பொறந்ததுலேருந்து அப்படித்தான் வரான்."

சரியாகச் செய்கிறேனா என்று பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும். வீட்டிலிருந்து எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கொண்டுபோய் அடியில் வைத்தேன். வண்டல் அடங்கியதும் அது மேலிருந்தே பளிச்சென்று தெரிந்தது. தட்டு மறைந்தால் நான் தோற்றேன் என்று அர்த்தம். அண்ணன் கயிற்றைச் சுண்டுவான். முதல் வாரம் முழுக்கச் சுண்டிக்கொண்டே இருந்தான்.

வயலுக்குச் சோறு கொண்டுவந்த அம்மா எட்டிப் பார்த்தாள். "திங்கற தட்ட கெணத்துல போட்டுட்டு, அதுக்கு ரெண்டு பேரு காவல் வேற. வெளங்கிடும்."

தட்டு எப்போது மறைகிறது என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தேன். இறங்கும்போது இல்லை. அசையாமல் மிதக்கும்போது இல்லை. முகமூடியைக் கழற்றி மாட்டும்போதுகூட இல்லை. திரும்பலாம் என்று முடிவெடுக்கும் அந்த நொடியில்தான். வெறுங்கையோடு மேலே போக என் கைக்குத் தெரியவில்லை. நானோ இத்தனை நாளும் அதை மார்போடு கட்டிவைத்து அடக்கப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிடித்துக்கொள்ள வேறொன்று வேண்டும்.

மோட்டார்க் குழாயிலிருந்து படிக்கல்லுக்குத் தண்ணீருக்குள் ஒரு கயிறு கட்டினேன். திரும்பலாம் என்று நினைத்தால் முதல் வேலை, வலது கை கயிற்றுக்குப் போவது. மற்றதெல்லாம் பிறகு. நினைத்து நினைத்துச் செய்தேன். ஒரு மாலை, நினைக்காமலே கை போனது.

மேலே வந்தபோது அண்ணன் என்னைப் பார்க்கவில்லை; தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தட்டு தெரியுது பாப்பா. ஓரத்துல நசுங்கியிருக்கறது கூட தெரியுது."

"அது நான் போட்டு நசுக்குனது. அம்மாகிட்ட சொல்லிடாத."

மறுபடி அந்தக் குகைக்குப் போனேன். வாசலின் நீல வெளிச்சம் பின்னால் சுருங்கி மறைந்தது. விளக்கைத் திருப்பிய இடமெல்லாம் கூரையிலிருந்து வெள்ளைக் கல் விழுதுகள் தொங்கின. சில என் விரலைவிட மெல்லியவை. எங்கள் ஊரில் லாரியில் ஏறிப்போகும் அதே சுண்ணாம்புக்கல்தான். நான் தண்ணீரில் இருக்கிறேன் என்பதே மறந்துபோகும் அளவுக்குத் தெளிவு. திரும்பும் இடத்தில் சைகை வந்தது. கை அசைந்தது. கயிற்றைப் பிடித்தது.

பயிற்சியாளர் தன் விளக்கை எங்களுக்குப் பின்னால் நீட்டினார். நாங்கள் வந்து போனதற்கு எந்த அடையாளமும் இல்லாமல் குகை அப்படியே இருந்தது.

அன்று வீட்டுக்குப் போன் செய்தேன்.

"மண்ணு எடுத்தியா?" என்றான் அண்ணன், எடுத்த எடுப்பிலேயே.

"இல்லண்ணே. வெறுங்கை."

"அப்ப நீ போனதுக்கு என்ன சாட்சி?"

"தட்டு தெரிஞ்சுது."

அவன் வீடே அதிரக் கத்துவது கேட்டது. "எம்மா! தட்டு தெரிஞ்சுதாம்!"

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "தெரிஞ்சுதுல்ல? வந்ததும் எறங்கி எடுத்துக் குடுக்கச் சொல்லு!"