ஊசி போடாத டாக்டரம்மா

அம்மன் கோயில் ஆடித்தபசுத் திருவிழா நாட்களில் தேரடிக்குப் பக்கத்தில் வீடு வைத்திருப்பவன் வாடகை வாங்காத லாட்ஜ்காரன். எழுபதுகளின் கடைசியில் ஒரு வருடம், கூடுதல் கவர்ச்சியாக எங்கள் வீட்டில் மூன்று மாதப் பெண்குழந்தையும் இருந்தாள். அம்மனைப் பார்த்த கையோடு எல்லாரும் அவளையும் பார்த்தார்கள். அம்மனைத் தொட முடியாது. இவளைத் தொட முடிந்தது. வாசுதேவநல்லூரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் தும்மி, துண்டால் மூக்கைத் துடைத்து, அதே துண்டால் பிள்ளையின் வாயையும் அன்போடு துடைத்துவிட்டார். நான் மரியாதையாக நின்றுகொண்டிருந்தேன்.

கூட்டம் கலைந்த சில நாட்களில் பிள்ளைக்கு மூக்கு ஒழுகியது. பிறகு இருமல். பிறகு நெஞ்சுக்குள் பூனை உறுமுவதுபோல ஓர் இழுப்பு. பாலுக்கு வாய் வைப்பாள்; மூச்சு முட்டி விட்டுவிடுவாள். "குடிக்க மாட்டேங்காளே" என்பதையே மனைவி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பேறுகாலத்துக்கு உதவ வந்திருந்த மதினி, மனைவியின் அக்கா, நாலு பெற்றவர். காற்று பட்டால் சளி கட்டும் என்று ஜன்னல்களை அடைத்தார். பிள்ளையைக் குளிப்பாட்டியதும் காட்டுகிற சாம்பிராணிப் புகையை நாள்முழுக்கப் போட்டார். அறைக்குள் யார் இருக்கிறார்கள் என்பதைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நான் என் பங்குக்கு, இரவல் வாங்கிய ஆங்கில வைத்தியப் புத்தகத்தைப் படித்தேன். பிள்ளைக்கு ஏழெட்டு நோய்களும், போகிற போக்கில் எனக்கு இரண்டும் இருப்பது தெரியவந்தது.

கடைசியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊரிலிருந்த டாக்டரம்மாவிடம் போனோம். டாக்டரம்மா பிள்ளையைத் தூக்கியதும் முகர்ந்து பார்த்தார். "என்ன, பிள்ளை மேல கோயில் வாசம் அடிக்கி?"

"சாம்பிராணி, டாக்டரம்மா. விடாமப் போடுதேன்," என்றார் மதினி பெருமையாக.

"விட்டுருங்க. அந்தப் புகையில பெரியவங்களே இருமுவாங்க. இதுக்கு மூச்சுக்குழாய் நூல் கனம்தான்."

சட்டையை விலக்கி, பிள்ளையின் நெஞ்சையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "வைரஸ் சளி. நமக்கு வந்தா ஒரு கைக்குட்டையோட போயிரும். பிஞ்சுப் பிள்ளைக்கு நெஞ்சுல இறங்கிரும். வீட்டுக்கு ஆள் வந்தாங்களோ?"

"ஊரே வந்துச்சு," என்றேன்.

"அதான்."

நாங்கள் ஊசிக்காகக் காத்திருந்தோம். ஊசி போடாத டாக்டரை எங்கள் ஊரில், விருந்துக்கு அழைத்துவிட்டுக் காப்பியோடு அனுப்பியவரைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார்கள். "ஒரு ஊசி..." என்று ஆரம்பித்தேன்.

"வைரஸை ஊசி என்ன செய்யும்? உங்க மனசுக்கு வேணும்னா உங்களுக்குப் போடுதேன். கையக் காட்டுங்க."

கையை மடக்கிக்கொண்டேன்.

டாக்டரம்மா சொன்ன வைத்தியம் இவ்வளவுதான்: காய்ச்சி ஆறிய தண்ணீரில் துளி உப்பைக் கரைத்து மூக்கில் சொட்டு விட வேண்டும். சளி இளகியதும் துடைத்துவிட்டுப் பால் கொடுக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கை கழுவாமல் யாரும் தூக்கக் கூடாது. "இன்னும் ஒண்ணு ரெண்டு நாள் கூடத்தான் செய்யும், அப்புறம் இறங்கும். ஆனா விலா உள்ள இழுத்தாலோ, உதடு நீலமானாலோ, பாலே குடிக்கலைன்னாலோ ஓடி வந்துரணும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்."

"உப்புத் தண்ணிக்கு ஒரு டாக்டரா?" என்று மதினி வழியெல்லாம் கேட்டார். நான் பேனாவுக்கு மை போடுகிற பில்லர் ஒன்று புதிதாக வாங்கி, கொதிக்கும் நீரில் போட்டெடுத்து, சொட்டு விட்டேன். தகப்பனைப் பற்றிப் பிள்ளை ஒரு முடிவுக்கு வந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள், டாக்டரம்மா சொன்னபடியே இழுப்பு கூடியது. ஒரு நோய் வாக்குத் தவறாமல் நடந்துகொள்வது இவ்வளவு தெம்பு தரும் என்று நான் நினைத்ததில்லை. ஆனாலும் நாங்கள் பிள்ளையின் விலாவைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மனைவி பால் கொடுப்பாள், பிள்ளை இரண்டு வாய் குடித்துவிட்டுத் திணறுவாள், மறுபடி மூக்கில் சொட்டு, மறுபடி பால்.

அதற்கடுத்த நாள் மத்தியானம் மதினிக்கு வைரஸைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். வாயை மூடச் சொல்லி மனைவி கையைக் காட்டினாள். பிள்ளை குடித்துக்கொண்டிருந்தாள். விடவேயில்லை.

"குடிக்கா," என்றார் மதினி, ரகசியம்போல. "அம்மனுக்கு நான் நேர்ந்துக்கிட்டது வீண் போகலை."

புகழை யாருக்கு வேண்டுமானாலும் பங்கு போட்டுக் கொடுக்கத் தயாராக இருந்தேன்.

வயிறு நிறைந்ததும் மனைவி மார்பிலிருந்து பிரித்தாள். பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. திணறாமல், முழு மூச்சாக, தெருவே கேட்க அழுதாள். பக்கத்து வீட்டம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "ஏட்டி, பிள்ளை என்ன இந்தக் கத்து கத்துதா?"

"கத்தட்டும்க்கா," என்றாள் மனைவி. "நல்லாக் கத்தட்டும்."