மேடையில் சொன்ன பெயர்

என்னிடம் இருக்கும் காகிதங்களில் தேதி போடாதது ஒன்றே ஒன்றுதான். பால்காரருக்கு எழுதும் சீட்டுக்கும் தேதி போடுகிறவன் நான். திருச்செங்கோட்டுக்கு மேற்கே ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தபோது, அங்கே மதிய உணவு அமைப்பாளராக இருந்த பெண்மணிக்கு எழுதிக் கொடுத்த வேலை விலகல் கடிதம் அது. ஊரே அவரைச் சத்துணவு டீச்சர் என்று அழைத்தது. ஒரு கார்த்திகை மாதச் செவ்வாய்க்கிழமை, பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு, ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வந்து கேட்டார். கணவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருந்தார். வருடத்தில் பாதி நாள் வடநாட்டில்தான். இரண்டாவது வண்டியும் வாங்கியாகிவிட்டது, இனி ஊரார் பிள்ளைகளுக்குச் சோறாக்க வேண்டாம், பள்ளி ஆண்டு முடிவதற்குள் நின்றுவிடு என்று சொல்லிவிட்டாராம்.

"எழுதி மட்டும் குடுங்க சார். தேதியும் அவுங்க பேரும் நானே போட்டுக்கறனுங்க" என்றார். தேதி வரும் இடத்திலும், க/பெ என்று எழுதி அதன் எதிரே கணவர் பெயர் வரும் இடத்திலும் புள்ளி மட்டும் வைத்துக் கொடுத்தேன். வாங்கிப் படித்துப் பார்த்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "உங்ககிட்டயே இருக்கட்டுங்க. ஊட்டுல வெச்சா இன்னிக்கே கையெழுத்துப் போடுன்னுருவாங்க."

அந்த வருட ஆண்டு விழாவுக்கு ஆசிரியர்களும் பெற்றோரும் நடிக்க ஒரு சிறு நாடகம் எழுதினேன். கணவன் தடுத்தும் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணைப் பற்றியது. யாரை மனதில் வைத்து எழுதினேன் என்பதை மறைப்பதற்கில்லை; அவரையே நடிக்கவும் கேட்டேன். கடைசிக் காட்சியில் அவள் வாசலில் நின்று கணவனைப் பெயர் சொல்லி அழைத்து, "நான் வேலைக்குப் போறேன், சாயந்திரம் வாரேன்" என்று சொல்லிவிட்டு நடக்க வேண்டும். கணவன் பாத்திரத்துக்கு அந்தப் பக்கத்தில் தெருவுக்கு இருவருக்கு இருக்கும் ஒரு பெயரை வைத்தேன். நான் ஆத்தூர்க்காரன், பக்கத்து ஊரில் குடியிருந்தேன். அவருடைய கணவரை ரிக்கு வண்டிக்காரர் என்று மட்டுமே அறிந்திருந்தேன்.

ஒத்திகையில் அவர் ஒருமுறைகூட அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அந்த இடம் வந்ததும் "ஏனுங்க" என்பார். நான் திருத்துவேன். ஒன்பது ஒத்திகையிலும் திருத்தியதாக என் நாட்குறிப்பில் இருக்கிறது. பெயரில்தான் காட்சியே நிற்கிறது என்று ஒருநாள் குரலை உயர்த்தியும் சொன்னேன். சமையல் உதவியாளரான ஆயா, அரிசி புடைத்தபடியே, "மேடையில அதட்டிப்போட்டு ஊட்டுக்குப் போயி எந்த மூஞ்சிய வெச்சுக்குவீங்க டீச்சர்" என்று சிரித்தாள். "இதே மூஞ்சிதான் ஆயா, வேறெது இருக்குது" என்றவர் என் பக்கம் திரும்பி, "விழா அன்னிக்குச் சொல்லிப்போடறனுங்க சார்" என்றார்.

விழா ஒரு வெள்ளிக்கிழமை மாலை. கணவர் வந்திருந்தார், மூன்றாவது வரிசை, வெள்ளை வேட்டி. கடைசிக் காட்சியில் டீச்சர் வாசலில் நின்றார். கணவனாக நடித்த உடற்பயிற்சி ஆசிரியரைப் பார்க்காமல், எதிரே கூட்டத்தைப் பார்த்து அந்தப் பெயரைச் சொன்னார். கத்தவில்லை, வருகைப் பதிவேடு வாசிப்பதுபோலச் சொன்னார். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் சட்டென்று அடங்கியது. மூன்றாவது வரிசை வெள்ளை வேட்டிக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். வெளியே பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் மீதி வசனத்தை டீச்சர் முடித்தார். அன்று நான் எழுதி வைத்தது: நாடகம் நன்று; கைதட்டல் சற்றுத் தாமதம்.

நாற்காலி அடுக்கும்போது ஆயாதான் சொன்னாள். "சார், அது டீச்சர் ஊட்டுக்காரரு பேருங்க."

திங்கட்கிழமை எட்டரைக்கு டீச்சர் வழக்கம்போல வந்து அடுப்பைப் பற்றவைத்தார். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எப்படிங்க சொல்றது? இன்ன பேருன்னு சொல்றதுக்கும் அந்தப் பேரைச் சொல்லோணுமில்லீங்க." பருப்பைக் கிளறிவிட்டு மெதுவாகச் சொன்னார். "மொதல்ல பயமாத்தான் இருந்துச்சு. அப்பறம், யாராச்சும் உங்ககிட்டச் சொல்லி, நீங்க பேரை மாத்திப்போடுவீங்களோன்னு பயமாயிருச்சுங்க."

கடிதத்தை அவர் கேட்கவே இல்லை. கணவர் அடிக்கவோ திட்டவோ இல்லை; பேசுவதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். ஊருக்கு வந்தால் மகள் வழியாகத்தான் சோறு கேட்பார். மகள் ஈரோட்டுப் பக்கம் கல்யாணமாகிப் போன பிறகு அந்த வழியும் அடைபட்டது. இப்போது வண்டியோடு வண்டியாகத் தங்கிவிடுகிறார். வந்தால் தம்பி வீட்டில் இறங்கிக்கொள்கிறார். ஒரு பெண் தன் வாழ்க்கையைத் தானே முடிவு செய்வதைப் பற்றி நான் நிறையப் படித்திருந்தேன். முடிவு செய்த பிறகு சாயந்திரம் வீடு திரும்பி, விளக்கைப் போட்டு, ஒரு தட்டு மட்டும் எடுத்து வைப்பதைப் பற்றி என் நாடகத்தில் ஒரு வரியும் இல்லை.

சென்ற மாதம் திருச்செங்கோடு பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறதாம். சோறு வெந்துகொண்டிருக்கும்போது பிள்ளைகள் வந்து எட்டிப் பார்ப்பதைச் சொல்லும்போது முகம் நன்றாக இருந்தது. நான் அன்றைக்குச் செய்தது தப்புதான் என்றேன். என் பேருந்து வந்து நின்றது. அவர் என் பையை எடுத்துக் கையில் கொடுத்தார்.

"தப்பெல்லாம் இல்லீங்க சார். இப்பெல்லாம் ஊட்டுக்குள்ளயே பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாக்கறதுண்டுங்க. ஏன்னு கேக்கத்தான் ஆளில்லை."