குடிலுக்குப் போட்ட ஃபியூஸ்

எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடில் தீப்பிடித்ததற்கு நான்தான் காரணம். பழி மாமாவின் மேல் விழுந்தது. விழுவதைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா நின்றேன். எழுபதுகளின் தொடக்கத்தில், சாந்தோமில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்தில் நடந்தது. எனக்குப் பத்து வயது இருக்கும். செய்ததற்கு வயதைச் சாக்காகச் சொல்லலாம். சொல்லாமல் இருந்ததற்கு அந்தச் சாக்கு செல்லாது. வளர்ந்த பிறகும் வெகுகாலம் வாய் திறக்கவில்லை.

மாமா அம்மாவின் தம்பி. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் லாரிகளுக்கு ஒயரிங் செய்தார். எங்கள் வீட்டுக் கூடத்தின் மூலையில் ஒரு பாயும் டிரங்குப் பெட்டியுமாகத் தங்கியிருந்தார். பட்டறைப் பேச்சு அவர் நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. தமிழாசிரியரான அப்பாவுக்கு அதைக் கேட்டாலே காது கூசும்.

"இன்னா, கீதுன்னு என் எதிர்ல பேசாதே."

"சரி அத்தான், இனிமே இல்ல," என்று பணிவாகச் சொல்லிவிட்டு, மாமா சமையலறைப் பக்கம் திரும்புவார். "அக்கா, சோறு கீதா?"

அம்மா சிரிப்பை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வாள்.

அந்த வருடங்களில் பொழுது சாய்ந்தால் கரண்ட் போய்விடும். கடைகளுக்குப் பழைய லாரி பேட்டரியில் விளக்குப் போட்டுக் கொடுத்துச் சொந்தமாகப் பிழைக்க வேண்டும் என்பது மாமாவின் ஆசை. அதற்கு எங்கள் வீட்டு முன்னறை தேவைப்பட்டது. அதில் உடைந்த நாற்காலிகளும் பழைய விடைத்தாள்களும்தான் கிடந்தன. அம்மா பல நாள் கேட்ட பிறகு அப்பா ஒரு நிபந்தனையோடு இறங்கிவந்தார். "முதல்ல நம்ம குடிலுக்கு விளக்குப் போடட்டும். திருநாள்வரைக்கும் வில்லங்கம் இல்லாம எரிஞ்சா, முன்னறையைப் பத்திப் பேசலாம்."

மாமா அந்தக் குடிலுக்குப் பட்டபாடு எந்த லாரிக்கும் பட்டிருக்க மாட்டார். மேசைமேல் வைக்கோல் வேய்ந்த குடில், உள்ளே சூசையப்பர் முதலான மரச் சுரூபங்கள். மேசையின் கீழே பேட்டரி. அதிலிருந்து குடில்வரை விரல் தடிமனில் லாரி கேபிள். வைக்கோலுக்குள் ஒளித்துக் கொண்டுபோக மட்டும் காலிங்பெல்லுக்குப் போடுகிற மெல்லிய ஒயர். பேட்டரியை ஒட்டி ஒரு சின்ன ஃபியூஸ் பெட்டி.

"பேட்டரில ஷாக் அடிக்காதுன்னு எல்லாரும் தம்மாத்தூண்டு ஒயரப் போட்டுர்றான், நைனா. அதே வெளிச்சத்துக்கு இதுல ஜாஸ்தி கரண்ட் ஓடணும். ஒயர் சுட்டுரும்." ஃபியூஸ் கம்பியை விரலில் சுற்றி எனக்குக் காட்டினார். "ஃபியூஸ் போடறப்ப குண்டு கேபிளப் பாக்கக்கூடாது. இருக்கறதுல ஒல்லி எதுவோ, அதப் பாத்துப் போடணும்."

இன்று ராஜா அண்ணாமலைபுரத்தில் என் வீட்டு மொட்டைமாடியில் சூரியத் தகடும் கீழே பேட்டரியும் இருக்கின்றன. அதற்கு ஃபியூஸ் எடுத்தபோதும் இந்த வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டேன். அன்றைக்கும் அது எனக்கு மனப்பாடம்தான். அர்த்தம்தான் தெரியாது.

எல்லாம் அழகாக எரிந்தது. குடிலின் உச்சியில் இருந்த நட்சத்திரம் மட்டும் மங்கலாக இருந்ததாக எனக்குப் பட்டது. வீடுவீடாகப் பாடிவரும் கோயில் பாடல் குழு எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்த அன்று, மாமா பட்டறைக்குப் போயிருந்த மத்தியானத்தில், அவருடைய தகரப் பெட்டியிலிருந்து ஒரு லாரி பல்பை எடுத்தேன். ஒயரைப் பல்லால் உரித்து, முறுக்கி, நட்சத்திரத்துக்குள் சேர்த்தேன். இணைப்பின் மேல் டேப் சுற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. ஃபியூஸ் போயிற்று. வேறு கம்பி கட்டினேன். அதுவும் போயிற்று. மாலையில் எல்லோர் முன்னாலும் இப்படிப் போய்விட்டால் மாமாவுக்கு முன்னறை கிடைக்காதே என்று பயந்தேன். ஃபியூஸ் நோஞ்சானாக இருக்கிறது, அவ்வளவுதான் என்று முடிவு செய்து, கேபிள் துண்டிலிருந்து செப்பு இழைகளை உருவி, கெட்டியாக முறுக்கி அந்த இடத்தில் வைத்தேன். ஒயரைக் கொஞ்சம் நகர்த்தியதும் நட்சத்திரம் பளிச்சென்று எரிந்தது. மாமாவைக் காப்பாற்றிவிட்டதாக எனக்குப் பெருமை.

மாலை கூடம் நிறைய ஆட்கள். குழு உள்ளே நுழைந்த கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய், தெருவே இருண்டது. எங்கள் குடில் மட்டும் ஒளிர்ந்தது.

"சார், பெத்லகேம்லகூட இவ்ளோ வெளிச்சம் இருந்திருக்காது!" என்றார் குழுவை அழைத்து வந்த உபதேசியார்.

அப்பா சிரித்தார். மாமாவின் தோளில் கை வைத்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தேன். அவள் முன்னறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மேளம் தொடங்கியது. பையன்கள் குதித்து ஆடினார்கள். மேசை அதிர்ந்தது. நான் முறுக்கிய ஒயர்கள் ஒன்றையொன்று தொட்டிருக்க வேண்டும். நான் வைத்த கெட்டிச் செம்பு அறுந்து கரண்டை நிறுத்தவில்லை. முதலில் ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. அடுத்து வைக்கோலுக்குள் ஒரு சிவப்புக் கோடு நெளிந்தது. அப்புறம் தீ.

மாமா பாய்ந்து பேட்டரியிலிருந்து கேபிளை வெறுங்கையால் பிடுங்கினார். அப்பா குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கிக் கவிழ்த்தார். குடிலின் கூரை போயிற்று. சூசையப்பர் கரியானார். எல்லாம் அம்மா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சுரூபங்கள். சிறுவயதில் மாமா தன் கையால் அடுக்கியவை. குழந்தை இயேசுவைத் திருநாள் பூசைக்குப் பிறகுதான் தொட்டிலில் வைப்போம் என்பதால், அலமாரியில் இருந்த அவர் மட்டும் தப்பினார்.

"லாரிக்காரனை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்," என்றார் அப்பா, அத்தனை பேர் முன்னிலையில்.

யாரோ மெழுகுவத்தி ஏற்றினார்கள். மாமா குனிந்து ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். உள்ளே பார்த்தார். இருந்ததைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"என் தப்புதான் அத்தான். ஃபியூஸ் பெருசாப் போட்டுட்டேன்."

மறுநாள் காலை டிரங்குப் பெட்டியோடு கிளம்பினார். இனிமேல் பட்டறையிலேயே படுத்துக்கொள்வதாகச் சொன்னார். அப்பா தடுக்கவில்லை. அம்மா பின்கட்டிலிருந்து வெளியே வரவில்லை. வாசலில் நின்ற என்னைப் பார்த்து மாமா கண் சிமிட்டினார். இவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்து நிம்மதியாக மூச்சு விட்டேன்.

படித்து, தியாகராய நகரில் ஒரு வங்கியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒரு டிசம்பர் மாலை அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளை மடித்தார். வெகுநேரம் மடித்துக்கொண்டே இருந்தார்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாதுப்பா."

மறுநாள், அதுவரை ஈக்காட்டுத்தாங்கல் பக்கமே போயிராத அப்பா, பஸ் ஏறிப் போய் மாமாவை அழைத்து வந்தார். வழியில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று இருவரும் சொன்னதில்லை. மாமாவின் தலை அங்கங்கே நரைத்திருந்தது. உள்ளங்கையில் கேபிள் சுட்ட தழும்பு. அம்மா அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அந்த வருடம் குடிலுக்கு மறுபடி அவர்தான் விளக்குப் போட்டார். கடைசியில் ஃபியூஸ் கம்பியை என்னிடம் நீட்டினார். "கட்டு, நைனா." கட்டினேன். பின்னால் நின்ற அப்பா குனிந்து பார்த்தார்.

"இவ்வளவு மெலிசா இருக்கே, தாங்குமா?"

"தாங்கக்கூடாது அத்தான். அதுக்குத்தான் போடறது."

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "முன்னறை காலியாத்தான் கீது," என்றார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்டது அந்த ஒரு முறைதான்.

மாமா சிரித்தார். "இருக்கட்டும் அத்தான். பட்டறையே பழகிப்போச்சு." எத்தனை வற்புறுத்தியும் அவர் வரவில்லை. கடைசிவரை இன்னொருவர் பட்டறையில்தான் வேலை பார்த்தார்.

அன்று அவரைப் பஸ் ஏற்றிவிடப் போனபோது, வழியில் நின்று, நட்சத்திரத்தைப் பற்றி, செப்பு இழையைப் பற்றி, எல்லாம் சொன்னேன்.

"பொட்டியத் தொறந்தப்பவே தெர்யும். நல்லாத்தான் முறுக்கியிருந்தே."

"அப்ப ஏன் மாமா சொல்லல?"

பஸ் வருகிறதா என்று தெருவைப் பார்த்தபடியே சொன்னார். "நான் எங்கனா போய்ப் படுத்துக்குவேன் நைனா. நீ எங்க போவே?"

அவர் வாசலில் கண் சிமிட்டியது நினைவுக்கு வந்தது. அன்று நான் நிம்மதியாக மூச்சு விட்டதையும் அவர் பார்த்திருக்கிறார்.